ஏர் ரைஃபிள் சியர்: பாலிஷோடு நிறுத்துவதா, நிக்கல் பூசுவதா? தேரிக்காட்டுப் பக்கத்திலிருந்து ஓர் ஒப்பீடு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் நிக்கல் கட்சி. நெல்லை மாவட்டத் திசையன்விளைப் பக்கம் இருந்துகொண்டு ஸ்பிரிங் ஏர் ரைஃபிள் வைத்திருக்கிறவர் யார் கேட்டாலும் சியரை, அதாவது அமுக்கிவைத்த ஸ்பிரிங்கை ட்ரிகர் இழுக்கும்வரை பிடித்து நிறுத்துகிற கொக்கியை, மெருகேற்றிவிட்டு, அதன் மேல் நிக்கலும் பூசச் சொல்வேன். பூச்சு போட்டால் ட்ரிகர் வெண்ணெய் ஆகிவிடும் என்று சொல்வார்களே, என் காரணம் அது இல்லை. அந்த மென்மையில் முக்கால்வாசி பாலிஷிலேயே வந்துவிடும். எனக்குப் பிரச்சினை மண், காற்றில் பறந்து வருகிற தேரிக்காட்டுச் செம்மணல்.

இந்தப் பாலிஷா கோட்டிங்கா என்ற பேச்சே அமெரிக்காவின் அரைத் தானியங்கி ரைஃபிள்களிலிருந்து வந்தது. ஏஆர்-15 ரகத் துப்பாக்கியில் ஹாமர், ட்ரிகர், டிஸ்கனெக்டர் என்று மூன்று துண்டுகள் ஒன்றோடொன்று உரசி வேலை செய்கின்றன. ராணுவத் தரத்தில் வருகிற துண்டுகளுக்குப் பாஸ்பேட் பூச்சு. அது எண்ணெயை நன்றாகப் பிடித்துவைக்கும், ஆனால் தொட்டாலே சொரசொரக்கும். அதன் ராணுவ வடிவமான எம்-16 வகைக்கு ராணுவம் ஒப்புக்கொள்ளும் ட்ரிகர் இழுவிசையே 5.5 முதல் 9.5 பவுண்டு, அதாவது இரண்டரை கிலோவிலிருந்து நாலு கிலோவுக்கு மேல். அதனால்தான் அங்கே சிலர் உரசும் முகங்களை மெருகேற்றிக்கொள்கிறார்கள், சிலர் நிக்கல் போரான் பூசிய செட்டாகவே வாங்கி மாட்டிக்கொள்கிறார்கள்.

நம்மூரில் அந்த ரகத் துப்பாக்கி நம் கைக்கு வருகிற சாமான் இல்லை. நமக்கு வாய்த்தது குழல் 4.5 மில்லி மீட்டர், குண்டின் ஆற்றல் 20 ஜூலுக்கு உட்பட்ட ஏர் ரைஃபிள். காகித அட்டை, தகர டப்பா, கிளப் போட்டி, அவ்வளவுதான். (மயில் தொல்லைக்கு வைத்திருக்கிறீர்களா என்று கேட்காத ஆள் இல்லை. இல்லை. அது 1972 வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் பாதுகாக்கப்பட்டிருக்கிற பறவை.) ஆனாலும் சியர் விஷயத்தில் நம் ரைஃபிள் ஏஆரை விடக் கஷ்டப்படுகிற பிறவி. அங்கே சியரின் மேல் நிற்பது ஹாமரின் ஸ்பிரிங் மட்டும். நம்முடையதில் பேரலை மடக்கிப் பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ளியதும், அந்தப் பெரிய ஸ்பிரிங்கின் முழுப் பாரத்தையும் ஒரு சின்ன இரும்புக் கொக்கி தாங்கிக்கொண்டு நிற்கிறது. ஜெர்மனியின் வைராக் கம்பெனி செய்யும் ரெக்கார்ட் ட்ரிகரில் இடையிலே நெம்புகோல்களை வைத்து அந்தப் பாரத்தைப் படிப்படியாகக் குறைத்துவிடுகிறார்கள். விலை குறைந்த மாடல்களில் அந்த வசதி கிடையாது. பாரத்தோடு ஒரு முகம் இன்னொரு முகத்தின் மேல் வழுக்கி விலக வேண்டும். அந்த வழுக்கலில் உள்ள ஒவ்வொரு சொரசொரப்பும் விரலுக்குத் தெரியும்.

பாலிஷைப் பற்றி நீட்டிப் பேச ஒன்றுமில்லை. நல்ல ஆயில் ஸ்டோனும் பொறுமையும் உள்ள லேத்காரர் கிடைத்தால் ஒரு மாலை வேலை. செலவு சொல்லிக்கொள்ளும்படி இருக்காது. மெஷின் விட்ட கோடுகளின் மேடு மட்டும் போனால் போதும், பள்ளம் போக வேண்டியதில்லை. பஃப் வீல், கையில் சுழலும் கிரைண்டர் எதையும் கிட்டத்தில் கொண்டுவரக் கூடாது. ஓரத்தை மழுக்கிவிடும், கோணம் மாறிவிடும், பிறகு கொக்கி எப்போது நழுவும் என்று கணக்கில்லை.

இதில் ஒரு எல்லை இருக்கிறது. பெரும்பாலான சியர்கள் மேற்பரப்பில் மட்டும் கெட்டிப்படுத்தப்பட்டவை. எனக்கு வேலை செய்துகொடுத்த லேத் அண்ணாச்சியிடம், "கல்லை ரெம்ப அழுத்தாதீங்க அண்ணாச்சி" என்றேன். "எனக்குத் தெரியாதாக்கும்? இதுல தோல்தான் கெட்டி தம்பி, உள்ள வெறும் சதை. தோலைத் தாண்டிட்டா தூரப் போட்டுர வேண்டியதுதான்" என்றார். அந்தத் தோல் போய்விட்டால் முதலில் ட்ரிகர் அருமையாக இருக்கும். கொஞ்ச நாளில் மெத்தென்ற இரும்பு தேய்ந்து, மறுபடி சொரசொரத்து, அதற்கப்புறம் பாதுகாப்பே போய்விடும்.

கோட்டிங்கில் வகைகள் பல. ஹார்டு குரோம் ஓரங்களில் கூடுதலாகப் படியும், சியருக்கு ஓரம்தான் உயிர், ஆகவே வேண்டாம். டைட்டேனியம் நைட்ரைடு பொன்னிறத்தில் பார்க்க ஜோர். ஆனால் அதைப் பூசுகிற அறை பெரும்பாலும் 400 டிகிரிக்கு மேல் சூடேறும். மேற்பரப்பைக் கெட்டிப்படுத்திய எஃகைச் சாதாரணமாக 200 டிகிரி அளவில்தான் பதப்படுத்தி முடிக்கிறார்கள். அதைவிட இரு மடங்கு சூட்டில் வைத்தால் அண்ணாச்சி சொன்ன தோல் இளகிவிடும். டிஎல்சி எனப்படும் வைரம் போன்ற கரிப் பூச்சு இதைவிடக் குறைந்த சூட்டிலும் ஏறும், ஒன்றிரண்டு மைக்ரான்தான் கனம், கடினத்தில் மற்றதெல்லாம் அதற்குக் கீழே. காகிதத்தில் பார்த்தால் அதுதான் ராஜா. என் ரைஃபிளில் போட்டுப் பார்த்ததில்லை, அதனால் அதற்கு ஓட்டுப் போட மாட்டேன்.

மிச்சம் இருப்பது மின்சாரம் பாய்ச்சாமல் கரைசலில் முக்கிப் பூசும் நிக்கல். ஓரம், நடு, மூலை எங்கும் ஒரே கனமாகப் படியும். கோயம்புத்தூரில் பம்பு, வால்வு உதிரிகளுக்கு அன்றாடம் போடுகிற பூச்சுதான். சியர் ஒன்றும் அதோடு உரசுகிற துண்டு ஒன்றுமாக இரண்டைக் கொண்டுபோனால் கடையில் சிரிப்பார்கள், ஒரு லாட்டுக்கான குறைந்தபட்சத் தொகையைக் கேட்பார்கள். என் மச்சான் அங்கே ஒரு பம்பு உதிரிப் பட்டறையில் இருப்பதால் அவர்கள் சரக்கோடு சரக்காக என்னுடையதும் தொட்டியில் இறங்கியது. அந்த வழி இல்லாதவருக்குச் செலவுக் கணக்கு என்னுடையதைப் போல இருக்காது.

ஒன்று முக்கியம். பூச்சு கீழே இருக்கிற முகத்தை அப்படியே படியெடுக்கும். சொரசொரத்த சியரில் நிக்கல் பூசினால் கிடைப்பது பளபளக்கும் சொரசொரப்பு. எனவே பாலிஷ் இருவருக்கும் பொது. கேள்வி, அதோடு நிறுத்துவதா வேண்டாமா என்பது மட்டுமே.

சரி, மண்ணுக்கு வருவோம்.

மெருகேற்றிய வெறும் எஃகு எண்ணெய் இல்லாமல் இருக்க முடியாது. உவரி, கூடன்குளம், இடிந்தகரை என்று கடலோரம் முழுக்க உப்புக்காற்று. உள்ளே தள்ளியிருக்கிற எங்கள் ஊரிலேயே வெறும் எஃகைத் துடைக்காமல் வைத்தால் பழுப்புப் புள்ளி விழும். எனவே எண்ணெய். ஊரில் எல்லாரும் போடுவது தையல் மிஷின் எண்ணெய், கொஞ்சம் விவரமானவர்கள் மாலி (மாலிப்டினம் டைசல்ஃபைடு) கலந்த கிரீஸ். இரண்டும் வேலை செய்யும், காற்று வராத வரைக்கும்.

ஆனி பிறந்தால் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகக் காற்று இறங்கும். பணகுடி, ராதாபுரம் பக்கம் அத்தனை காற்றாலைகள் சும்மா நிற்கவில்லை. ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் என்றால் தேரி மண்ணைக் கேட்கவா வேண்டும்? இட்டமொழி, குட்டம் பக்கத்துத் தேரியின் சிவப்பு, இரும்பு ஆக்சைடு கொடுக்கிற நிறம். நிறத்துக்கு அடியில் இருப்பது குவார்ட்ஸ். கடலோர மணலிலோ கார்னெட்டும் இல்மனைட்டும் கலந்திருக்கிறது. கார்னெட் என்றால் மணல் வீசி இரும்பைச் சுத்தம் செய்யவும், நீர்ப் பீச்சலோடு கலந்து தகடு அறுக்கவும் பயன்படுத்துகிற சரக்கு. நம் கடற்கரையிலிருந்து கப்பல் கப்பலாகப் போனது, 2013-ல் மாநில அரசு தாதுமணல் அள்ளத் தடை போட்டது எல்லாம் இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. உலகம் காசு கொடுத்து வாங்கி இரும்பை அரிக்கப் பயன்படுத்தும் பொடி நமக்கு இலவசமாகக் காற்றில் வருகிறது. குவார்ட்ஸும் கார்னெட்டும் கெட்டிப்படுத்திய எஃகையே கீறிவிடும் கடினம். எண்ணெய் பூசிய சியரின் மேல் அது உட்கார்ந்தால் வால்வைத் தேய்த்துப் பொருத்துகிற லேப்பிங் பேஸ்ட் தயார். பின்னால் இருப்பது முழு ஸ்பிரிங்கின் பாரம்.

பாலிஷ் மட்டும் போட்டிருந்த காலத்தில், காற்று ஓய்ந்த பிறகு ட்ரிகர் பெட்டியைக் கழற்றிப் பழைய வேட்டித் துணியால் சியரின் மூலையைத் துடைத்தேன். துணியில் செங்கல் பொடியைக் குழைத்த மாதிரி ஒரு கீற்று. நகை ஆசாரியின் லென்ஸில் பார்த்தால் முகத்தில் மெல்லிய கீறல்கள், எல்லாம் சியர் வழுக்கும் திசையிலேயே. மெஷின் விட்ட பழைய கோடுகள் குறுக்கே ஓடியவை. ஆகவே இவை புதிது. விரலுக்கும் தெரிந்தது, இழுக்கும்போது நடுவில் ஒரு நெருடல். வாராவாரம் பெட்ரோல் விட்டுக் கழுவி, புது எண்ணெய் தொட்டு வைத்தால் இது வராது. வாராவாரம் ட்ரிகரைக் கழற்றுகிற ஆள் எத்தனை பேர்? நான் அந்த ஆள் இல்லை.

நிக்கல் பூசிய சியரை எண்ணெய் இல்லாமல் ஓட்டலாம். என் மொத்த வாதமும் இந்த ஒரு வரிதான். உரசும் முகத்தில் மாலி பவுடரைத் துணியால் அழுத்தித் தேய்த்து, உதிரும் மிச்சத்தைத் தட்டிவிட்டு மாட்டினேன். காற்றுக்காலம் முடிந்து திறந்தபோது மண் உள்ளே வராமல் இல்லை, வந்திருந்தது. ஆனால் பொடியாகவே கிடந்தது. பெயின்ட் பிரஷ்ஷால் தட்டினேன், போய்விட்டது. லென்ஸில் கீறலே இல்லை என்று சொல்ல மாட்டேன். முன்பு பார்த்ததோடு வைத்துப் பார்த்தால் எண்ணிவிடலாம். ஐந்தாறு வருடம் ஓடிய பூச்சு இன்னும் என் கையில் இல்லை, அந்தக் கணக்கை அப்போதுதான் சொல்ல முடியும்.

நிக்கல் கட்சிக்காரர்கள் சொல்லாமல் விடுகிற விஷயங்களும் உண்டு. பூசியபடி இருக்கும் நிக்கல் கெட்டிப்படுத்திய எஃகைவிட மென்மைதான். 400 டிகிரியில் சுட்டால் கடினமாகும், ஆனால் மேலே சொன்ன அதே காரணத்தால் சியருக்கு அது ஆகாது. டெஃப்லான் துகள் கலந்த நிக்கல் நன்றாக வழுக்கும், கடினம் அதிலும் குறைவு. அதாவது நிக்கல் இங்கே ஜெயிப்பது கடினத்தால் அல்ல, எண்ணெய் தேவையில்லாமல் செய்வதால். எண்ணெயும் போட்டு நிக்கலும் பூசுவேன் என்பவர் காசை வீணாக்குகிறார்.

அடுத்தது துரு. மெல்லிய பூச்சில் கண்ணுக்குத் தெரியாத ஊசித் துளைகள் இருக்கும். பூச்சு எங்காவது உடைந்தால் அந்த இடத்தில் அடியிலுள்ள எஃகு வெறும் எஃகைவிட வேகமாகத் துருப்பிடிக்கும், ஏனென்றால் நிக்கலும் இரும்பும் உப்பு ஈரத்தில் சேர்ந்தால் அரிக்கப்படுவது இரும்புதான். என் சியரில் வேலை செய்யாத பின்பக்கத்தில் எண்ணெய் தொட்ட துணியால் ஒரு துடைப்பு கொடுத்துவைக்கிறேன், உரசும் முகத்தில் அதுவும் கிடையாது. ஓரத்தில் சாம்பல் நிறக் கோடு தெரிய ஆரம்பித்தால் பூச்சு தேய்ந்துவிட்டது என்று அர்த்தம், மறுபூச்சுக்கு அனுப்ப வேண்டியதுதான்.

பூசக் கொடுக்கும்போது இரண்டு விஷயம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். முதலாவது, சியரைக் கோத்து நிறுத்துகிற பின் (pin) ஏறும் துளைகளை அடைத்துவிடுங்கள். பத்து மைக்ரான் பூச்சு என்றால் துளையின் விட்டம் இருபது மைக்ரான் சுருங்கும், பின் ஏறாது, சுத்தியலால் தட்டி ஏற்றினால் அப்புறம் சியர் சுதந்திரமாக ஆடாது. இரண்டாவது, பூசி முடித்த கையோடு சுமார் 190 டிகிரியில் சில மணி நேரம் சுடச் சொல்லுங்கள். பூச்சுக்கு முன் அமிலத்தில் முக்கும்போது கெட்டி எஃகுக்குள் ஹைட்ரஜன் புகுந்துகொள்ளும், அதை வெளியேற்றாவிட்டால் பாரம் தாங்கி நிற்கும்போது சொல்லாமல் கொள்ளாமல் விரிசல் விடலாம். பம்பு உதிரிக்கு இது பெரும்பாலும் தேவைப்படாததால் கடைக்காரர் தானாகச் செய்யமாட்டார்.

பாளையங்கோட்டையில் நாலு சுவருக்குள் பத்து மீட்டர் சுடுகிறவருக்கு இதெல்லாம் தேவையா என்றால், தேவையில்லை. உள்ளரங்கு, பெட்டியில் வருகிறது, பெட்டியில் போகிறது. நல்ல பாலிஷும் துளி எண்ணெயும் போதும். உண்மையில் போட்டி ரைஃபிள் என்றால் பாலிஷ்கூட வேண்டாம், கம்பெனியிலிருந்து வந்தபடியே விடுங்கள். பத்து மீட்டர் ஏர் பிஸ்டலுக்குக் குறைந்தது 500 கிராம் இழுவிசை என்று விதி உண்டு, ஏர் ரைஃபிளுக்கு அப்படிக் கீழ் எல்லை இல்லை. எனவே அந்த ட்ரிகர்கள் ஏற்கெனவே நாம் கற்பனை செய்வதைவிட மென்மையாகத்தான் வருகின்றன. அம்பாசமுத்திரம், பாபநாசம் பக்கத்து நண்பர்களுக்குத் தேரி மண் கிடையாது, மலைச்சாரலின் ஈரம்தான் எதிரி. அங்கே நிக்கல் கொஞ்சம் உதவும், ஆனால் எண்ணெய்த் துணியும் கிட்டத்தட்ட அதே வேலையைச் செய்துவிடும். அவர்களிடம் நான் வற்புறுத்த மாட்டேன்.

பாலிஷோ பூச்சோ, சியரைத் தொட்ட பிறகு பெல்லட் போடாமல் மடக்கி, பேரலை ஒரு கையால் இறுகப் பிடித்துக்கொண்டு, அடிப்பகுதியை ரப்பர் பாயில் தட்டிப் பார்க்க வேண்டும். கொக்கி நழுவினால் திறந்திருக்கிற பேரல் சடாரென்று மூடும், விரல் நடுவில் இருந்தால் விரல் போகும். மற்ற நாளிலும் பெல்லட் போடும்போது பேரலை விடக் கூடாது.

பழைய ரைஃபிள் வாங்குகிறவர்களுக்கு மட்டும் நிக்கல் ஒரு தொல்லை. மெருகேற்றிய வெறும் சியரை லென்ஸில் பார்த்தால் யாராவது அதிகமாக உரசியிருக்கிறார்களா, ஓரம் மழுங்கியிருக்கிறதா என்று ஓரளவு பிடித்துவிடலாம். பூச்சு அதையெல்லாம் மூடிவிடும். விற்கிறவரிடம் பூசுவதற்கு முன் எடுத்த போட்டோ கேளுங்கள். இல்லையென்றால் புது சியரின் விலையைக் கழித்துக்கொண்டு பேரம் பேசுங்கள்.