ப்ளாயா டெல் கார்மெனில் மூன்றரை வருஷம் சாப்பிட்டதில் தெரிந்துகொண்டது

மெக்சிகோவின் கரீபியன் கரைக்கு, அதாவது கான்கூனிலிருந்து துலூம் வரை நீளும் அந்த ரிவியேரா மாயா பக்கம், சுற்றுலா கிளம்பும் நண்பர்கள் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "எங்கே சாப்பிடலாம்?" கணவரின் வேலைக்காக 2021 தொடக்கத்திலிருந்து 2024 நடுப்பகுதி வரை ப்ளாயா டெல் கார்மெனில் குடியிருந்தோம். மூன்றரை வருஷம் அங்கேயே சாப்பிட்டு வாழ்ந்தவள் என்ற முறையில் நான் சொல்லும் பதில் கொஞ்சம் வேறு மாதிரி இருக்கும். எந்தக் கடை என்று கேட்பதற்கு முன்னால் எத்தனை மணிக்கு என்று கேளுங்கள். அந்த ஊரில் ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் ஒரு பொழுது இருக்கிறது. அந்தப் பொழுதில் போனால் தெருவோர வண்டியில்கூட அருமையாகக் கிடைக்கும், பொழுது தப்பிப் போனால் பெரிய கடையிலும் மிச்சம் மீதிதான்.

ஆரம்பத்தில் எங்களுக்கு இது தெரியாது. முதல் இரண்டு மாதம் எல்லோரையும் போல ஐந்தாம் அவென்யூவில்தான் சுற்றினோம். கடலுக்கு இணையாக ஓடும் நடைபாதைத் தெரு அது, வாசலுக்கு வாசல் ஒருவர் மெனுவை நீட்டிக் கூப்பிடுவார். ஒரு நாள் இரவு ஏழரை மணிக்கு அங்கே ஒரு கடையில் செவிச்சே சாப்பிட்டேன், எலுமிச்சைச் சாற்றில் ஊறிய பச்சை மீன். இரண்டு நாள் படுக்கையை விட்டு எழுந்திருக்க முடியவில்லை. எங்கள் குடியிருப்பின் காவலாளி தபாஸ்கோ மாநிலத்துக்காரர், விஷயத்தைக் கேட்டதும் அவர் முதலில் கேட்டது கடையின் பெயரை இல்லை. "எத்தனை மணிக்குச் சாப்பிட்டீர்கள், செஞ்ஞோரா?" என்றார். ஏழரை என்றதும் தலையை ஆட்டினார். கடல் உணவு பகல் சாப்பாடு, நல்ல மீன் கடைகள் பல சாயங்காலம் ஐந்து ஆறு மணிக்கெல்லாம் மூடிவிடும், ராத்திரியில் அந்த ஊர்க்காரர்கள் செவிச்சே பக்கம் போக மாட்டார்கள் என்று விளக்கினார். அன்றிலிருந்து கடிகாரத்தைப் பார்த்துத்தான் சாப்பிட ஆரம்பித்தோம்.

சரி, காலையிலிருந்து வருகிறேன்.

காலை என்றால் கொச்சினிட்டா பிபில். இந்தக் கரை இருக்கும் யுகடான் தீபகற்பத்தின் தலையாய பண்டம் இதுதான் என்பேன். பன்றி இறைச்சியை அச்சியோட்டே என்ற சிவப்பு விதை மசாலாவிலும் நாரத்தை மாதிரிப் புளிக்கும் ஒரு ஆரஞ்சின் சாற்றிலும் ஊறவைத்து, வாழை இலையில் சுற்றி, மண்ணைத் தோண்டிய அடுப்பில் ராத்திரி முழுக்க வேகவிடுவார்கள். மாயா மொழியில் அந்தக் குழி அடுப்புக்குப் பீப் என்று பெயர், பிபில் அதிலிருந்து வந்தது. இரவெல்லாம் வெந்தது காலையில் விற்பனைக்கு வரும், மதியத்துக்குள் தீர்ந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வீடு இதுதான்.

எங்கள் தெரு முனையில், 30ஆம் அவென்யூவுக்குப் பக்கத்தில், ஒரு அம்மா ஏழு மணிக்கு வண்டியைக் கொண்டுவந்து நிறுத்துவார். அலுமினியப் பாத்திரத்தின் மூடியைத் திறந்து, கருகிய வாழை இலையை விலக்கினால் ஆவியோடு சேர்ந்து ஒரு புளிப்பு வாசனை வரும். இரண்டு விரலால் பிரித்தாலே நார் நாராக வரும் கறியை டோர்ட்டியாவில், அதாவது மெல்லிய மக்காச்சோள ரொட்டியில், வைத்து, பாத்திரத்தின் அடியில் நிற்கும் சிவப்புச் சாற்றை ஒரு கரண்டி மேலே விட்டு, ஊறுகாய் போட்ட ஊதா வெங்காயத்தை வைத்துக் கொடுப்பார். ஓரத்தில் ஒரு கிண்ணத்தில் ஷ்னிபெக் இருக்கும், அபனேரோ மிளகாய், வெங்காயம், அந்தப் புளிப்பு ஆரஞ்சு எல்லாம் சேர்ந்தது. மாயா மொழியில் அதற்கு நாயின் மூக்கு என்று அர்த்தம், தின்றவன் மூக்கு ஈரமாகிவிடும் என்பதால். ஆந்திரா மிளகாயே சாப்பிட்டவர்கள் நாம் என்று நினைத்து ஸ்பூன் நிறைய எடுத்துவிடாதீர்கள். நம் மிளகாய் நாக்கில் பிடிக்கும், அபனேரோ தொண்டை, காது என்று போய்க்கொண்டே இருக்கும். பன்றி சாப்பிடாதவர்கள் போயோ பிபில் என்று கேளுங்கள், அதே மசாலாவில் கோழி, சில கடைகளில் கிடைக்கும். துலூமில் இருப்பவர்கள் டாகெரியா ஒனோரியோவுக்குக் காலையிலேயே போய்விட வேண்டும். கொச்சினிட்டாவுக்காக அவ்வளவு தூரம் வண்டி பிடித்துப் போனது வீண் போகவே இல்லை.

உட்கார்ந்து நிதானமாகக் காலைச் சாப்பாடு வேண்டுமென்றால் ப்ளாயாவில் லா குவேவா டெல் சாங்கோ, 38ஆம் தெருவில், மரங்களுக்கு நடுவில். அங்கே சிலகீலெஸ் கேளுங்கள்: பொரித்த டோர்ட்டியாத் துண்டுகளைப் பச்சை அல்லது சிவப்பு சல்சாவில் பிரட்டி, மேலே கிரீமும் சீஸும் போட்டுத் தருவார்கள். ஊரிலிருந்து யார் வந்தாலும் முதல் நாள் காலையில் அங்கேதான் கூட்டிப்போவோம்.

மதியம் இரண்டு விதம். ஒன்று கடல் உணவு. ப்ளாயாவில் நெடுஞ்சாலை ஓரத்தில் லா ஃப்ளோரெஸ்டா என்று ஒரு கடை, இறால் டாக்கோவுக்கு (டோர்ட்டியாவில் வைத்து மடித்துச் சாப்பிடுவது) பேர்போனது. மாவில் தோய்த்துப் பொரித்த இறால், தக்காளி, கொஞ்சம் மயோனைஸ், அவ்வளவுதான், ஆனால் சட்டியிலிருந்து நேராகத் தட்டுக்கு வரும், கடிக்கும்போது மொறுமொறுவென்று சத்தம் கேட்கும். துலூமின் தெற்கு முனையில் எல் காமெயோ ஜூனியர், அங்கே செவிச்சேயும் முழுதாகப் பொரித்த மீனும். இரண்டு பேர் போனால் ஒரு செவிச்சே போதும். இஸ்லா முஹேரெஸ் தீவுக்குப் போகிறவர்கள் டிகின் ஷிக் சாப்பிடாமல் திரும்ப வேண்டாம். மீனை நடுவில் பிளந்து, அதே அச்சியோட்டே பூசி, வாழை இலை வைத்துக் கரி நெருப்பில் சுடுவார்கள். மெனுவில் பெஸ் லியோன் என்று பார்த்தால் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். சிங்க மீன், நம் இந்தியப் பெருங்கடல் பக்கத்து மீன், கரீபியனில் புகுந்து அங்கத்திய குஞ்சு மீன்களைத் தின்று தீர்க்கிறது. முள்ளில்தான் விஷம், சதை வெள்ளையாக, மெதுவாக, அருமையாக இருக்கும். அதைச் சாப்பிடுவது பவளப் பாறைகளுக்கும் நல்லது. சிங்கி இறாலுக்கு மார்ச் 1 முதல் ஜூன் 30 வரை பிடிதடை. அந்த மாதங்களில் இன்று பிடித்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், முன்பே பிடித்து உறையவைத்ததாகத்தான் இருக்க வேண்டும்.

மதியத்தின் இன்னொரு விதம் கொமீதா கொர்ரீதா. வேலைக்குப் போகிறவர்கள் சாப்பிடும் சாப்பாடு, நம் ஊர் மீல்ஸ் மாதிரி: ஒரு சூப், சோறு, ஒரு கறி, டோர்ட்டியா, ஒரு பெரிய டம்ளர் அக்வா ஃப்ரெஸ்கா (பழமோ பூவோ போட்ட இனிப்புத் தண்ணீர்). நாங்கள் இருந்தபோது நூறு பேசோ சுற்றிக் கொடுத்தோம். கடற்கரையிலிருந்து மேற்கே நடக்க வேண்டும். அங்கே அவென்யூக்களுக்கு ஐந்து, பத்து, பதினைந்து என்று எண் ஏறிக்கொண்டே போகும், எண் ஏற ஏற விலை இறங்கும். 20 தாண்டினால் ஓட்டல் சமையற்காரர்கள், அறை சுத்தம் செய்யும் பெண்கள், கட்டட வேலைக்காரர்கள் எல்லோரும் பக்கத்து நாற்காலியில் இருப்பார்கள். சியாபாஸ், தபாஸ்கோ, வெராக்ரூஸ் என்று பல மாநிலங்களிலிருந்து பிழைக்க வந்தவர்கள், அவரவர் ஊர்ச் சமையலும் கூடவே வந்திருக்கிறது. எழுந்து போகிறவர்கள் முன்பின் தெரியாத நம்மைப் பார்த்து "ப்ரோவேச்சோ" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். நன்றாகச் சாப்பிடுங்கள் என்று அர்த்தம். முதல் முறை கேட்டபோது யாரையோ சொல்கிறார் என்று திரும்பிப் பார்த்தேன். பிறகு நானும் சொல்லப் பழகிவிட்டேன், இப்போதும் வாய் தானாகச் சொல்லிவிடுகிறது.

சைவக்காரர்களுக்கு இங்கேதான் கவனம் வேண்டும். 2023 ஜனவரியில் அம்மா ஒரு மாதம் வந்து தங்கினார், முட்டைகூடத் தொடமாட்டார். கருப்பு பீன்ஸ் கடைந்தது எல்லாக் கடையிலும் கிடைக்கிறதே, கவலையில்லை என்று நினைத்திருந்தேன். ஒரு வாய் வைத்ததும், "ஏண்டி, இதுல ஏதோ வாடை வருதே" என்றார். விசாரித்தால் பன்றிக் கொழுப்பில் தாளித்தது. அம்மா ஒன்றும் சொல்லாமல் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு தண்ணீர் குடித்தார், எனக்குத்தான் மனசு ஆறவில்லை. விசாரிக்காமல் விட்டது என் தப்பு. அங்கே "சின் கார்னே" (இறைச்சி இல்லாமல்) என்றால் பல இடங்களில் மாட்டுக்கறி இல்லை என்றுதான் எடுத்துக்கொள்வார்கள், கோழி வந்து நிற்கும். சோறும் கோழிச் சாற்றில் வெந்திருக்கலாம். அதனால் மன்தேகா (கொழுப்பு), கால்தோ தே போயோ (கோழிச் சாறு) என்ற இரண்டு சொல்லையும் மனப்பாடம் செய்துகொண்டு, இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் கேளுங்கள்.

அதற்கப்புறம் அம்மா நன்றாகவே சாப்பிட்டார். பூசணிப்பூ வைத்த கேசதியா (சீஸ் வைத்து மடித்துச் சுட்ட டோர்ட்டியா), கள்ளி மடலை நறுக்கிச் சுட்ட நோபால், அப்புறம் சிகில் பாக். பூசணி விதையை வறுத்துப் பொடித்து, சுட்ட தக்காளியோடு அரைக்கும் மாயாக்காரர்களின் பண்டம் அது. அம்மா விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "தொகையல்தான்டி இது" என்றார். அடுத்த நாள் சோறு வடித்து அதைப் பிசைந்து சாப்பிட்டோம். டோர்ட்டியாவைக் கடையில் கிலோ கணக்கில் சுடச்சுடக் காகிதத்தில் சுற்றித் தருவார்கள். மக்காச்சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து அரைப்பதால் அந்தக் கடை வாசலில் ஒரு தனி மணம் இருக்கும். குடிக்க, தமாரிண்டோ, நம் புளித் தண்ணீரேதான், சர்க்கரை போட்டது. அந்தச் சொல்லே அரபியில் இந்தியப் பேரீச்சை என்று பொருள்படும் பெயரிலிருந்து வந்தது. செம்பருத்தி இனத்துப் பூவில் செய்யும் ஹமாய்க்காவும் நன்றாக இருக்கும்.

இரவு டாக்கோ அல் பாஸ்டோர். லெபனானிலிருந்து மெக்சிகோவில் குடியேறியவர்கள் கொண்டுவந்த கம்பியில் சுற்றிச் சுடும் முறை, மெக்சிகோ மசாலாவோடும் பன்றிக்கறியோடும் சேர்ந்து உருவானது. ப்ளாயாவில் நாங்கள் திரும்பத் திரும்பப் போனது எல் ஃபோகோன், 30ஆம் அவென்யூவில். வாசலிலேயே ட்ரோம்போ, அந்தக் கறிக் கோபுரம், சுழன்றுகொண்டிருக்கும். நல்ல ஆள் நின்றால் கறியைச் சீவி டோர்ட்டியாவில் விழவைத்த கையோடு உச்சியிலிருக்கும் அன்னாசியில் கத்தி நுனியால் ஒரு தட்டு தட்டுவார், துண்டு பறந்து வந்து டாக்கோவில் உட்காரும். "கொன் தோதோ?" என்று கேட்பார்கள், எல்லாம் போடலாமா என்று, அதாவது வெங்காயமும் கொத்தமல்லியும். போடச் சொல்லுங்கள். எந்தக் கடைக்குப் போனாலும் ட்ரோம்போவைப் பாருங்கள். எட்டு மணிக்கு மேல் கூட்டம் இருந்து, கறி வேகமாகக் கரைந்துகொண்டிருந்தால் உட்காரலாம். மத்தியான வேளையில் ஆறிப்போய் நின்றிருக்கும் ட்ரோம்போ என்றால் நகர்ந்துவிடுங்கள். துலூமில் இதற்கு லா சியாபனெகா, விலை குறைவு, வரிசையில் நிற்க வேண்டும்.

சாப்பிட்டு முடித்தால் மார்கெசித்தா. யுகடான் மாநிலத் தலைநகர் மெரிடாவில் பிறந்தது: ஐஸ்கிரீம் கோன் மாவை இரும்பு அச்சில் ஊற்றி மெல்லிய ஓடாகச் சுட்டு, உள்ளே எடாம் சீஸைத் துருவிப் போட்டுச் சுருட்டித் தருவார்கள். இனிப்பு ஓட்டுக்குள் உப்புச் சீஸா என்று யோசிக்காமல் சாப்பிட்டுப் பாருங்கள். கான்கூனில் லாஸ் பலபாஸ் பூங்காவில் மாலை நேரத்தில் வரிசையாக வண்டிகள் நிற்கும், குடும்பம் குடும்பமாக வந்து உட்கார்ந்திருப்பார்கள்.

பெரிய செலவு செய்கிறவர்களுக்கு: 2024இல் உணவகங்களுக்கு நட்சத்திரம் தரும் மிஷலின் வழிகாட்டி முதல்முறையாக மெக்சிகோவுக்கு வந்தபோது இந்தக் கரையில் புவெர்ட்டோ மொரேலோஸின் லெ ஷீக், ப்ளாயாவின் ஆ என்ற இரண்டுக்கும் ஒவ்வொரு நட்சத்திரம் கிடைத்தது. திருமண நாளுக்கு லெ ஷீக் போனோம். ஒன்றன்பின் ஒன்றாகச் சின்னச் சின்னத் தட்டுகள், மூன்று மணி நேரத்துக்கு மேல். நல்ல அனுபவம், ஒரு தடவை போதும்.

காசு விஷயம். துலூம் கடற்கரையில் ஒரு இடத்தில் மெனு டாலரில் இருந்தது, குறைந்தபட்சச் செலவு இவ்வளவு என்று உட்கார்ந்த பிறகு சொன்னார்கள், பில்லில் டிப்ஸையும் அவர்களே சேர்த்திருந்தார்கள். மெக்சிகோ சட்டப்படி டிப்ஸ் கட்டாயம் கிடையாது, எடுக்கச் சொன்னால் எடுக்க வேண்டும், நாங்கள் சொன்னோம், எடுத்தார்கள். ஆனால் நன்றாகக் கவனித்துக்கொண்ட இடத்தில் 10 முதல் 15 சதவீதம் கட்டாயம் வையுங்கள், அவர்கள் சம்பளம் ரொம்பக் குறைவு. பில்லை நாம் கேட்காமல் கொண்டுவர மாட்டார்கள், விருந்தாளியை விரட்டுவது போலாகிவிடும் என்று நினைப்பார்கள், "லா குவெந்தா, போர் ஃபவோர்" என்று கேளுங்கள். கார்டைவிடப் பேசோ நோட்டு கையில் இருப்பது நல்லது, வண்டிக்கடைகளில் அது மட்டும்தான் செல்லும். கோடை மாதங்களில் சர்காசோ என்ற கடல்பாசி கரையில் ஒதுங்கி அழுகினால் அழுகிய முட்டை நாற்றம் வரும், அந்த நாட்களில் கடலைப் பார்த்த மேஜைக்கு முன்பணம் கட்டிவிடாதீர்கள்.

ஊரைவிட்டுக் கிளம்பிய அன்று மதியம் கான்கூனில் விமானம். பெட்டிகளை வாசலில் வைத்துவிட்டு ஏழு மணிக்கு வண்டிக்குப் போனோம். அந்த அம்மா வழக்கத்தைவிட ஒரு டாக்கோ கூடுதலாக வைத்தார், காசு வாங்கவில்லை. சந்தையில் நாலு கட்டி அச்சியோட்டே வாங்கி வந்திருந்தேன். இங்கே அந்த ஆரஞ்சு கிடைப்பதில்லை, நாரத்தங்காய்ச் சாறு விட்டுக் கோழியை ஊறவைத்து, வாழை இலையில் சுற்றி, இட்லிப் பானையில் வைத்து மெதுவாக வேகவிடுகிறேன். ஞாயிறு காலையில்தான் செய்வது. இன்னும் ஒரு கட்டி பாக்கி இருக்கிறது.