பாங்காக்கில் "அரண்மனை இன்று மூடியிருக்கிறது" என்று யாராவது சொன்னால் நிற்காதீர்கள்

சுவர்ணபூமி விமான நிலையத்தில் உட்கார்ந்து இதைத் தட்டிக்கொண்டிருக்கிறேன். விமானத்துக்கு இன்னும் நான்கு மணி நேரம் இருக்கிறது. ஒரு நகைக்கல் மோசடியில் 38,000 பாட் (தாய்லாந்துப் பணம்) போய்விட்டது. வயிறு எரிகிறது. ஆறிப்போனால் எழுத மாட்டேன், அதனால் இப்போதே எழுதிவிடுகிறேன். ஏமாறாமல் இருக்க என்ன செய்யலாம் என்பதையும் கடைசியில் சொல்கிறேன்.

திட்டம் எதுவும் போடாமல்தான் தாய்லாந்து வந்தேன். முதல் இரண்டு இரவுக்கு அறை, திரும்பிப் போக டிக்கெட், அவ்வளவுதான். மற்றதை வழியில் கேட்டுக்கொள்ளலாம் என்று இருந்தேன். பத்து நாள் அது நன்றாகவே நடந்தது. பிட்சனுலோக்கில் சுகோதாய் போகும் கடைசி பஸ்ஸை விட்டுவிட்டு நின்றபோது, கவுண்டரில் இருந்த அம்மா தன் தம்பியை வரவழைத்து, மோட்டார் சைக்கிளில் ஒரு விடுதிக்குக் கொண்டுபோய் விடச் சொன்னார். பெட்ரோலுக்குக் காசு நீட்டினேன். அந்தப் பையன் வாங்கவே இல்லை. இந்தப் பழக்கத்தோடுதான் முந்தாநாள் காலை சியாங் மாய் இரவு ரயிலிலிருந்து பாங்காக்கில் இறங்கி கிராண்ட் பேலஸ் அரண்மனைக்குப் போனேன்.

மதில் ஓரமாக வாசலைத் தேடி நடந்துகொண்டிருந்தேன். இஸ்திரி போட்ட சட்டை, கழுத்தில் அடையாள அட்டையோடு ஒருவர் வந்தார். "காலையில் பூஜை நடக்கிறது, ஒரு மணிக்குத்தான் திறப்பார்கள்" என்றார். முகத்தில் அவ்வளவு அக்கறை. என் வரைபடத்தை வாங்கி, அதற்குள் பார்த்துவிட்டு வரக்கூடிய கோயில்களைப் பேனாவால் வட்டமிட்டார். கூடவே, இன்றோடு முடிகிற ஏதோ அரசாங்க நகைத் தள்ளுபடி என்று போகிற போக்கில் ஒரு வார்த்தை. அவரே ஒரு டுக்டுக்கை (இங்கத்து ஆட்டோ) நிறுத்தி 40 பாட்டுக்குப் பேசிவிட்டார். என்னிடம் ஒரு பைசா கேட்கவில்லை.

முதல் கோயிலில் கூட்டமே இல்லை. உள்ளே ஒருவர் தனியாக உட்கார்ந்திருந்தார். தானும் வெளிநாட்டுக்காரர், மனைவிக்காகக் காத்திருக்கிறேன் என்றார். பயணம், பிள்ளைகள், வேலை என்று இருபது நிமிடம் பேசியிருப்போம். கிளம்பும்போது, வருஷா வருஷம் இங்கே நீலக்கல் வாங்கிப்போய் ஊரில் இரண்டு மடங்குக்கு விற்பதாகவும், மகளின் படிப்புச் செலவு அதில்தான் ஓடுவதாகவும் சொன்னார். அந்தத் தள்ளுபடியைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. அவராகவே சொன்னார், இன்றுதான் கடைசி நாள் என்று.

நான் விழுந்தது அந்த இடத்தில்தான். மதிலோரம் நின்றவரும் கோயிலில் இருந்தவரும் ஒருவரை ஒருவர் அறியாதவர்கள், டுக்டுக்காரருக்கு இதில் என்ன லாபம், இரண்டு பேர் ஒரே விஷயத்தைச் சொன்னால் அது உண்மையாகத்தானே இருக்கும்? இப்படித்தான் யோசித்தேன். மூன்று பேரும் ஒரே கூட்டத்து ஆட்கள். ஆளைக் கொண்டுவந்து இறக்கும் டுக்டுக்குகளுக்குக் கடைகள் பெட்ரோல் கூப்பன் கொடுக்கின்றன. 40 பாட்டுக்கு மூன்று மணி நேரம் எப்படிக் கட்டுப்படியாகும் என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.

டுக்டுக் கொண்டுபோய் இறக்கிய நகைக்கடையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஏசி, குளிர்பானம், கோட்டுப் போட்ட மேலாளர், சான்றிதழ். இரண்டு நீலக்கல், 38,000 பாட், கார்டில். கல்லைப் பிளாஸ்டிக்கில் வைத்து முத்திரை போட்டுக் கொடுத்தார்கள், பிரித்தால் உத்தரவாதம் போய்விடும் என்றார்கள். இங்கேயே யாரிடமும் காட்டிவிடக் கூடாது என்பதற்காகத்தான் அந்த முத்திரை.

சாயங்காலம் விடுதி வரவேற்பறையில் இருந்த பெண் பையைப் பார்த்ததுமே, "அரண்மனை மூடியிருக்கிறது என்று சொன்னார்களா?" என்று கேட்டாள். எனக்குக் கை கால் ஓடவில்லை. மறுநாள் அவள் சொன்ன பரிசோதனைக் கூடத்தில் முத்திரையைப் பிரித்துக் காட்டினேன். நீலக்கல்தான், ஆனால் மட்டமான தரம், சூடேற்றி நிறம் கூட்டியது. கொடுத்த விலையில் பத்தில் ஒரு பங்குகூடப் பெறாது என்றார்கள்.

நேராகக் கடைக்குப் போனேன். மேலாளர் இல்லை, நாளைக்கு வாருங்கள் என்றார்கள். இன்று காலை போனால், முத்திரையைப் பிரித்துவிட்டீர்களே, நாங்கள் என்ன செய்வது என்கிறார்கள். இரண்டு மடங்கு விலைக்குப் போகும் என்று சொன்னீர்களே என்றால், நாங்கள் எங்கே சொன்னோம், யார் சொன்னார்களோ அவர்களைக் கேளுங்கள் என்கிறார்கள். ரசீதை அப்போதுதான் ஒழுங்காகப் படித்தேன். "கல், 2" என்றும் தொகையும் மட்டும்தான் இருந்தது. தரமும் இல்லை, எடையும் இல்லை. கொஞ்சம் சத்தம் போட்டதும் இரண்டு ஆட்கள் வந்து கதவுப் பக்கம் நின்றார்கள். வெளியே வந்துவிட்டேன்.

கார்டு கொடுத்த வங்கிக்கு மூன்று தடவை போன் செய்தேன். பின் நம்பரை நீங்களே போட்டிருக்கிறீர்கள், அதனால் மோசடி என்று பதிய முடியாது என்றார் முதலாமவர். இரண்டாமவர் மின்னஞ்சல் அனுப்பச் சொன்னார். மூன்றாவது தடவை லைன் கட். சுற்றுலாப் போலீஸில் புகார் கொடுத்துவிட்டேன், ஆனால் இன்று இரவு விமானம். 38,000 பாட்டுக்காக டிக்கெட்டை மாற்றி எத்தனை நாள் இங்கே உட்கார முடியும்?

உட்கார்ந்து யோசித்தபோது ஒன்று தெரிந்தது. பத்து நாளும் எனக்கு உதவியவர்கள் எல்லோரும் நானாகப் போய்க் கேட்டவர்கள். முந்தாநாள் வந்தவர்கள் தாங்களாக வந்தவர்கள்.

சரி, சொல்வதாகச் சொன்னவை. கிராண்ட் பேலஸ் பெரும்பாலும் தினமும் காலை 8.30க்குத் திறந்துவிடும், மூடியிருப்பதாக யார் சொன்னாலும் டிக்கெட் கவுண்டர் வரை போய் நீங்களே பாருங்கள். கல்லை லாபத்துக்கு விற்கலாம் என்று யார் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள். கடைக்காரர் கொடுக்கும் சான்றிதழுக்கு மதிப்பில்லை. ஏமாந்துவிட்டால் அன்றே 1155க்கு அடியுங்கள், அது சுற்றுலாப் போலீஸ். என்னைப் போல இரண்டு நாள் கடை வாசலில் நிற்காதீர்கள்.

இன்னும் எழுதலாம், போனில் சார்ஜ் 11 சதவீதம்தான் இருக்கிறது. அந்த மின்னஞ்சலை ரசீதுப் படத்தோடு வங்கிக்கு அனுப்பியாக வேண்டும்.