சிசிஜே விழுந்துவிட்டதா? கட்டுவதா, வாதாடுவதா, பேசி முடிப்பதா

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வாடகை வீடு மாறிக்கொண்டே இருப்பவர்கள் அடிக்கடி மாட்டிக்கொள்ளும் சிக்கல் சிசிஜே, அதாவது கட்டாத பணத்துக்காகக் கவுன்ட்டி கோர்ட் தரும் தீர்ப்பு. கோர்ட் கடிதம் பழைய வீட்டுக்குப் போகும். பதில் கொடுக்க 14 நாள். பதில் வராததால் வழக்குப் போட்டவர் கேட்ட தொகைக்கே தீர்ப்பாகிவிடும். ஊரில் எக்ஸ்பார்ட்டி என்போமே, கிட்டத்தட்ட அதுதான். மாதங்கள் கழித்து மார்ட்கேஜ் கேட்டுப் போகும்போதுதான் நம் பெயரில் ஒரு சிசிஜே இருப்பதே தெரியவரும்.

(தமிழில் 'கடன்காரர்' என்றால் கொடுத்தவரும் வாங்கியவரும் இருவருமே கடன்காரர்தான். குழப்பம் வேண்டாம் என்று இங்கே 'வழக்குப் போட்டவர்' என்றே எழுதுகிறேன்.)

முதல் வழி, கட்டிவிடுவது. தீர்ப்புத் தேதியிலிருந்து ஒரு மாதத்துக்குள் முழுத் தொகையும் கட்டினால் தீர்ப்புப் பதிவேட்டிலிருந்து பெயரே போய்விடும். கடன் உண்மை, கையில் பணம் இருக்கிறது, மாதமும் முடியவில்லை என்றால் வேறு எதையும் யோசிக்க வேண்டாம். கட்டிய ரசீதை மட்டும் பத்திரமாக வையுங்கள். மாதம் தாண்டிவிட்டால் கதை வேறு. கட்டினாலும் 'தீர்க்கப்பட்டது' என்ற குறிப்போடு பதிவு 6 ஆண்டு அங்கேயே கிடக்கும். ஒன்றுமே கட்டாததற்கு இது எவ்வளவோ மேல்தான். ஆனால் கடன் கொடுக்கும் நிறுவனங்களின் கண்ணில் சிசிஜே சிசிஜேதான். தவணையைக் குறைக்கச் சொல்லி என்245 படிவம் கொடுப்பதும் மூச்சுவிட இடம் தருமே தவிர, பதிவை அழிக்காது.

இரண்டாவது, என்244 படிவத்தில் மனுப் போட்டு நீதிபதி முன் வாதாடுவது. சிவில் நடைமுறை விதிகளின் 13-ஆம் பகுதி இதற்கு இரண்டு கதவு வைத்திருக்கிறது. தீர்ப்பே முறைதவறிப் பதிவானது என்றால், உதாரணமாகக் கெடு முடியும் முன்பே பதிவு செய்திருந்தால், நீதிபதி ரத்து செய்தே ஆக வேண்டும். மற்றபடி, வழக்கில் ஜெயிக்க உண்மையான வாய்ப்பு உண்டு என்றோ வேறு நல்ல காரணம் உண்டு என்றோ காட்ட வேண்டும். 'கடிதமே வரவில்லை' என்ற ஒற்றை வரியை நம்பிப் போகிறவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். கடைசியாகத் தெரிந்த முகவரிக்கு அனுப்பியிருந்தால் பெரும்பாலும் அதுவே செல்லும். விஷயம் தெரிந்த உடனே மனுப் போட்டீர்களா என்பதையும் நீதிபதி பார்ப்பார். தோற்றால் எதிர்த்தரப்புச் செலவும் நம் தலையில் விழலாம். கடன் நம்முடையதே இல்லை, அல்லது தொகை தப்பு என்று கையில் காகிதம் இருப்பவர்களுக்கு இதுதான் சரியான வழி.

மூன்றாவது, இரு தரப்பும் பேசிச் சம்மத ஆணையாக ரத்து வாங்குவது. படிவம் அதே என்244தான். கூடவே இருவரும் கையெழுத்திட்ட ஆணை வரைவு போகும். கட்டணமும் குறைவு: 2024 மே உயர்வுக்குப் பிறகு சம்மதம் இல்லாத மனுவுக்கு 303 பவுண்டு, சம்மத மனுவுக்கு 119 பவுண்டு என்று இருந்தது. அனுப்பும் முன் அன்றைய கட்டணத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். வருமானம் குறைந்தவர்கள் கட்டணச் சலுகையும் கேட்கலாம்.

வழக்குப் போட்டவர் ஏன் சம்மதிக்க வேண்டும்? கட்டாயம் ஒன்றும் இல்லை. ஆனால் முகவரி விஷயத்தில் அவர் பக்கம் ஓட்டை இருந்தால், விசாரணைக்கு ஆள் அனுப்பி அலைவதைவிடப் பணம் கைக்கு வருவது அவருக்கும் லாபம். தனி ஆள் மீதான பண வழக்கு என்றால் மனு அந்த ஆளின் ஊர்ப்பக்கக் கோர்ட்டுக்கே மாறும். அந்த அலைச்சலும் வழக்குப் போட்டவருடையதுதான்.

பலர் கோட்டைவிடுவது வரிசையில். பயத்தில் முதலில் முழுப் பணத்தையும் கட்டிவிட்டு, அப்புறம் 'ரத்துக்குச் சம்மதியுங்கள்' என்று கேட்பார்கள். பணம் கைக்கு வந்த பிறகு அவருக்குப் பேச என்ன இருக்கிறது? விதியும் இங்கே உதவாது. சம்மத ஆணைகளை நீதிபதியிடம் போகாமலே கோர்ட் அலுவலர் முத்திரையிட அதே சிவில் நடைமுறை விதிகளின் 40.6 விதி இடம் தருகிறது. ஆனால் அந்தப் பட்டியலில் இருப்பது 'இன்னும் தீர்க்கப்படாத' தீர்ப்பை ரத்து செய்வது மட்டும்தான். வக்கீல் இல்லாமல் நாமே நடத்தினால் எப்படியும் நீதிபதி பார்த்தாக வேண்டும். கடன் சரிதான், கட்டியாகிவிட்டது, கிரெடிட் ரிப்போர்ட் (நம் கடன் வரலாற்று அறிக்கை) சுத்தமாக வேண்டும் என்பதற்காக மட்டும் ரத்து என்றால், இருவர் கையெழுத்து இருந்தாலும் நீதிபதி மறுக்கலாம். அதனால் முதலில் எழுத்தில் உடன்பாடு, பிறகு ஆணை, ஆணையில் சொன்ன தேதிக்குள் பணம். தீர்ப்பு ஏன் நிற்கக்கூடாது என்ற காரணத்தையும் மனுவில் உண்மையாக எழுதுங்கள்.

வரைவில் 'தீர்ப்பு ரத்து' என்று மட்டும் எழுதி நிறுத்திவிடாதீர்கள். தீர்ப்புத்தான் போகும், வழக்கு உயிரோடு இருக்கும். எதிர்வாதம் தாக்கல் செய்யச் சொல்லி மறுபடி கடிதம் வரும். வழக்கும் தள்ளுபடி, செலவு அவரவருடையது என்ற வரிகளும் வேண்டும். இரண்டாவது வழியில் ஜெயித்தால்கூட அசல் வழக்கு இன்னும் பாக்கி. பேசி முடிப்பதில் அதையும் சேர்த்தே முடிக்கலாம். கையெழுத்துக்கு முன் வரைவை, கடன் ஆலோசனை தரும் அமைப்புகளான சிட்டிசன்ஸ் அட்வைஸிலோ நேஷனல் டெட்லைனிலோ (Debtline) காட்டுங்கள், காசு கேட்க மாட்டார்கள். 'சிசிஜேயை அழித்துத் தருகிறோம்' என்று முன்பணம் கேட்பவர்கள் நிரப்பப் போவதும் இதே என்244தான்.

இன்னொன்று. சிசிஜே போனாலும், அதற்கு முன்பு கடன் நிறுவனம் பதிந்த 'டிஃபால்ட்' (தவணை தவறியதாகக் குறிப்பது) தனிப் பதிவு. அது டிஃபால்ட் ஆன தேதியிலிருந்து 6 ஆண்டு கிரெடிட் ரிப்போர்ட்டில் இருக்கும், கோர்ட் ஆணை அதைத் தானாகத் தொடாது. அதையும் எடுக்கச் சொல்லிக் கேட்பதென்றால், பணம் இன்னும் உங்கள் கையில் இருக்கும் அந்தப் பேச்சிலேயே கேட்டுவிடுங்கள்.