கையில் தாள், எதிரே மைக்: 'செலக்டட் ஷார்ட்ஸ்' கேட்கலாமா?

நியூயார்க்கில் பிராட்வேயும் 95ஆம் தெருவும் சந்திக்கும் இடத்தில் இருக்கிறது சிம்பொனி ஸ்பேஸ் அரங்கம். 'செலக்டட் ஷார்ட்ஸ்' என்ற சிறுகதை வாசிப்பு நிகழ்ச்சி தொடங்கியது அங்கேதான், 1985இல். செட் கிடையாது, வேஷம் கிடையாது. நாடகத்திலோ சினிமாவிலோ பழகிய ஒரு நடிகர் வருவார், ஒரு சிறுகதையைத் தாளைப் பார்த்தே வாசிப்பார், போய்விடுவார். அதற்கு டிக்கெட் வாங்கிக் கூட்டம் வருகிறது. பதிவுகள் வானொலியிலும் பாட்காஸ்ட்டிலும் வருவதால் நாம் காசு கொடுக்காமலே கேட்கலாம்.

மனப்பாடம் செய்யாதது சோம்பேறித்தனம் இல்லை. தாள் கையில் இருக்கும்வரை அவர் பாத்திரமாக மாறிவிடுவதில்லை, கதையின் வரிகள்தான் முன்னால் நிற்கின்றன. தேர்ந்தவர்களின் கண் ஒரு வரி முன்னாலேயே ஓடும். வாக்கியத்தின் கடைசிச் சொற்களைத் தலைநிமிர்ந்து அரங்கத்தைப் பார்த்துச் சொல்வார்கள். குரலிலும் அடக்கம்தான்: கதைசொல்லியின் குரல் நிலையாக இருக்கும், பாத்திரம் பேசும்போது அதிலிருந்து அரைப்படி ஏறும், இறங்கும். ஆளுக்கொரு குரல் என்று ஆரம்பித்தால் நாலு பேர் பேசும் காட்சியில் மூன்றாம் பக்கத்திலேயே குரல்கள் குழம்பி, மிமிக்ரி கச்சேரி ஆகிவிடும்.

நகைச்சுவைக் கதைகளும் 'நான்' என்று தன்மையில் சொல்லப்படும் கதைகளும் இங்கே பிரமாதமாக எடுபடுகின்றன. சிரிப்பு அடங்கும் முன் அடுத்த வரியைத் தொட்டால் அது யார் காதிலும் விழாது. மேடை அனுபவம் உதவுவது அங்கேதான். நிதானமாக விரியும், காலம் முன்பின்னாகத் தாவும் கதைகள் அவ்வளவாக ஒட்டுவதில்லை. அச்சில் ஒரு வெற்று வரி விட்டால் காலம் மாறியது புரியும், காதுக்கு அந்த வரி தெரியாது. முதல் பத்தியில் ஐந்து பெயர் வந்தாலும் தொல்லைதான், பக்கத்தைத் திருப்பிப் பார்க்க வழியில்லையே.

பாட்காஸ்ட்டில் ஒரு குறை உண்டு. நடிகர் முகத்தில் எதையோ காட்ட அரங்கமே சிரிக்கும், நமக்கு விஷயம் புரியாது. அறிமுகப் பேச்சு பிடிக்காதவர்கள் தள்ளிவிட்டுக் கதைக்குப் போகலாம். ஆனால் 2012இல் இறக்கும்வரை இதை நடத்திய ஐசையா ஷெஃபரின் குரல் பழைய பதிவுகளில் கிடைத்தால் தள்ளாதீர்கள்.

நீளம் முக்கியம். மேடையில் ஆங்கிலத்தை நிமிடத்துக்குச் சுமார் 150 சொல் வேகத்தில் வாசித்தால் 3,000 சொல் கதைக்கு 20 நிமிடம். இவர்கள் ஆண்டுதோறும் நடத்தும் ஸ்டெல்லா குப்பர்பெர்க் நினைவுச் சிறுகதைப் போட்டிக்கு 750 சொல்தான் உச்சம், அதாவது ஐந்தே நிமிடம். தமிழில் சொற்கள் ஒட்டி நீள்வதால் அந்தக் கணக்கு செல்லாது. நிமிடத்துக்கு 100 சொல்லுக்குள் நிற்பது நல்லது.

நம் ஊரில் செய்ய நினைப்பவர்களுக்கு: எழுத்து 16 புள்ளி அளவில், தாளின் ஒரு பக்கம் மட்டும். பக்க முடிவில் வாக்கியம் உடையக் கூடாது. தாள்களைச் சேர்த்து ஸ்டேப்ளர் பின் அடிக்காதீர்கள், புரட்டும் சரசரப்பு மைக்கில் விழும், தனித்தாளாக நகர்த்துங்கள். நெல்லை வழக்கில் எழுதிய கதையை அந்தப் பக்கத்துப் பேச்சு வாயில் வராத நடிகரிடம் கொடுக்காதீர்கள், அவர் எவ்வளவு பெரிய ஆளானாலும் சரி.