ஆண்டர்சன் தெரு: டிராயிங் டீச்சருக்கு ஒரு காகிதக் கடைத்தெரு

பள்ளியில் டிராயிங் டீச்சராக வேலை பார்த்துக்கொண்டு, வீட்டில் சொந்தப் படத்தையும் விடாமல் வரைகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். சென்னை பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் கல்யாணப் பத்திரிகை அடிக்கப் போகிறவர்களுக்கு வழி சொல்ல ஊரில் நிறைய பேர் இருக்கிறார்கள். நம்மைப் போன்றவர்களுக்கு அந்தத் தெரு எதில் கைகொடுக்கும், எதில் கொடுக்காது என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

என் வீடு திருவொற்றியூர். வேலை தண்டையார்பேட்டைப் பக்கம் ஒரு பள்ளியில், ஆறாம் வகுப்பிலிருந்து ஒன்பது வரை. வகுப்புக்கு ஐம்பது பிள்ளைகள், வாரத்துக்கு ஒரு பீரியட். மிச்ச நேரம் சும்மா கிடைக்கும் என்று மற்ற டீச்சர்கள் நினைக்கிறார்கள். ஆண்டு விழா மேடைக்குப் பின்னால் தொங்கும் எழுத்து, அறிவியல் கண்காட்சி சார்ட், வாசலில் கோலம், லீவு போட்டவர் வகுப்புக்குப் போய் உட்காருவது எல்லாம் டிராயிங் மிஸ் தலையில்தான் விழும். வீட்டுக்கு வந்தால் மெட்ரோ வாட்டர் லாரி வரும் நேரத்தை வைத்துத்தான் மற்ற வேலை. இதற்கு நடுவில் என் படம். எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்குள் போக வரிசை கட்டி நிற்கும் கன்டெய்னர் லாரிகளையும் அவற்றின் டிரைவர்களையும் வரைகிறேன். வண்டி நகராத நேரத்தில் சக்கரத்தை ஒட்டி ஸ்டவ் வைத்துச் சோறு வடிப்பார்கள், லாரிக்கு அடியில் பாய் விரித்துத் தூங்குவார்கள், பக்கவாட்டுக் கண்ணாடியைப் பார்த்து முகம் வழிப்பார்கள். இதைவிட்டால் வேறு எதையும் வரைய எனக்கு மனசில்லை.

பள்ளி, படம் இரண்டுக்கும் காகிதம் கட்டுக்கட்டாக வேண்டும். பள்ளிக்குத் தனி, எனக்குத் தனி என்று இரண்டு இடத்தில் வாங்கினால் சம்பளம் தாங்காது. ஆண்டர்சன் தெருவை நான் பிடித்துக்கொண்ட காரணம் அதுதான்.

முன்பெல்லாம் டி.எச். ரோடு (திருவொற்றியூர் நெடுஞ்சாலை) பஸ்ஸில் பெரிய தாளைச் சுருட்டிக் கையில் பிடித்தபடி நிற்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். 2021 பிப்ரவரியில் மெட்ரோ விம்கோ நகர் வரை வந்தது. இப்போது தேரடியில் ஏறி உயர் நீதிமன்றம் ஸ்டேஷனில் இறங்கினால் நடந்தே போய்விடலாம். தாளைச் சுருட்டாமல் அட்டைக்கு நடுவில் வைத்துத் தட்டையாகக் கொண்டுவர முடிகிறது. கரியில் வரைகிறவர்களுக்கு இது பெரிய விஷயம். ஒருமுறை சுருண்ட தாள் போர்டில் படுக்கவே படுக்காது.

தெரு குறுகல். இரண்டு பக்கமும் பத்திரிகைக் கடைகள், உள்ளே தள்ளி ரீம் (ஐந்நூறு தாள் கட்டு) கணக்கில் விற்கும் மொத்தக் கடைகள், மாடியிலும் சந்திலும் கட்டிங், ஃபாயில், ஸ்கிரீன் பிரிண்டிங். மீன்பாடி வண்டியில் காகிதக் கட்டு போய்க்கொண்டே இருக்கும். ஸ்கூட்டரில் போக நினைக்காதீர்கள், நிறுத்த இடம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலும் ஷட்டர் இறங்கியிருக்கும். ஆகவே நமக்கு அமைவது பள்ளி விட்ட பிறகு மாலையோ, சனிக்கிழமையோதான்.

நான் வழக்கமாகப் போவது சந்துக்குள் இருக்கும் ஒரு மொத்தக் கடை. பெயரை இங்கே எழுதவில்லை. சில்லறை வாங்க நாலு பேர் கூடுதலாக வந்து நின்றாலே அங்கே வேலை நின்றுபோகும், அவ்வளவு சின்ன இடம். கல்லாவில் இருக்கும் பாய் வயசானவர். போனவுடன் அவர் கேட்பது ஒன்றே ஒன்று: "டீச்சரம்மா, இது பிள்ளைங்களுக்கா, உங்களுக்கா?" பிள்ளைகளுக்கு என்றால் ஒரு அடுக்கைக் காட்டுவார், எனக்கு என்றால் வேறு அடுக்கு. "ரெண்டுக்கும் பாய்" என்றால் உட்காரச் சொல்லி ஸ்டூல் போடுவார். என் இரண்டு வேலையையும் ஒன்றாக வைத்துப் பார்க்கிற ஆள் எனக்கு வெளியில் அவர் ஒருவர்தான். பள்ளியில் நான் டீச்சர் மட்டும், ஓவியர்கள் கூடுகிற இடத்தில் என் பள்ளியைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள்.

முதலில் பிள்ளைகளுக்கான காகிதம். சார்ட் பேப்பரை முழுசாக வாங்கி ஸ்கேல் வைத்துக் கிழித்துக் கொடுக்கிற டீச்சர்களைப் பார்த்திருக்கிறேன், பாவம். 20×30 அங்குல டபுள் கிரௌன் தாளை எட்டாக வெட்டினால் 10×7½ அங்குலம், ஒரு இழை வீணாகாது. 23×36 டபுள் டெம்மியை எட்டாக்கினால் 11½×9. ஒரு பெஞ்சில் மூன்று பேர் உட்காரும் வகுப்பில் டபுள் கிரௌன் துண்டுதான் சரி, பெரியது முழங்கையில் இடிக்கும். வெட்டுவதற்குத் தனியாகக் கொஞ்சம் கூலி கொடுக்க வேண்டும். கொடுக்கலாம், தப்பில்லை.

அந்த வெட்டைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். கட்டரில் இருக்கும் அண்ணா முதலில் தாள் கட்டை ஒரு மூலையில் பிடித்து விசிறி மாதிரி விரித்துக் காற்றை உள்ளே விடுவார். பிறகு நிமிர்த்திப் பலகையில் தட்டுவார். நீள வாக்கில் இரண்டு தட்டு, அகல வாக்கில் இரண்டு தட்டு. அதற்குள் இருநூறு தாளும் ஒரே கட்டை போல நேராகிவிடும். உள்ளே தள்ளி, மேலே இருக்கும் சக்கரத்தைச் சுற்றி அழுத்துப் பலகையை இறக்குவார். உள்ளங்கையால் கட்டின் பக்கத்தை ஒரு தடவு தடவுவார், எங்காவது ஒரு தாள் நீட்டிக்கொண்டிருந்தால் கை கண்டுபிடிக்கும். அதன் பிறகுதான் கத்தி. வெட்டு விழுந்த பக்கத்தைப் பார்த்தால் பளிங்கு. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை ஒருநாள் இங்கே கூட்டிவந்து இதைக் காட்ட வேண்டும் என்று எனக்கு ஆசை. கோடு போடுவதற்கு முன்னால் காகிதத்தை மதிக்கக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல பாடம் இல்லை.

மிச்சக் காகிதம் எடைக்குக் கிடைக்கும். இங்கே கணக்கு தெரிந்திருக்க வேண்டும். ஜி.எஸ்.எம். என்பது ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் என்ற எடை. ஏ4 தாள் சதுர மீட்டரில் பதினாறில் ஒரு பங்கு. ஆகவே 120 ஜி.எஸ்.எம். ஏ4 ஒன்று ஏழரை கிராம், ஒரு கிலோவில் 133 தாள் வரும். நாலு செக்‌ஷனுக்கு 200 தாள் வேண்டுமென்றால் ஒன்றரை கிலோ போதும். தெருமுனையில் ஒரு கடையில் 120 என்று சொல்லிக் கொடுத்த தாளை வீட்டுத் தராசில் ஏ4 அளவுக்குப் பத்து தாள் வைத்துப் பார்த்தேன். 75 கிராம் காட்ட வேண்டியது 63தான் காட்டியது, அதாவது அது 100 ஜி.எஸ்.எம். அந்தக் கடைப் பக்கம் அப்புறம் போகவில்லை. பாய் கடையில் இந்தப் பிரச்சனை இதுவரை வந்ததில்லை.

தண்ணீர் தாங்குமா என்று பார்க்க ஒரு துளி போதும். தாளின் மேல் துளி முத்தாக நின்றால் பசை ஏற்றிய தாள், போஸ்டர் கலருக்கு ஆகும். உடனே உறிஞ்சினால் பென்சிலுக்கும் கிரேயானுக்கும் மட்டும். பளபளக்கும் ஆர்ட் பேப்பரை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வகுப்புக்கு வாங்காதீர்கள். அதன் மேல் பூசிய பூச்சில் வாட்டர் கலர் பிடிக்காது, பிள்ளை தன் கைதான் சரியில்லை என்று நினைத்துக்கொள்ளும்.

இந்தத் தெருவில் கிடைக்கிற இன்னொன்று இருக்கிறது. பத்திரிகை வெட்டும்போது ஓரத்தில் விழும் நீளத் துண்டுகள். மஞ்சள், குங்குமச் சிவப்பு, தந்த நிறம், சிலதில் ஃபாயில் தங்கக் கோடு. சாக்கில் அள்ளிப் போட்டு வைத்திருப்பார்கள். எடைக்குப் போகிற சரக்கு, கேட்டால் கொடுப்பார்கள். ஆறாம் வகுப்புக்கு இதை வைத்துப் பாய் முடைவது போலக் காகிதம் முடையச் சொல்கிறேன். குறுக்கு நெடுக்கு, நிறம் மாறி மாறி. கலர் பாக்ஸ் வாங்க வழியில்லாத பிள்ளைக்கும் வாங்கிய பிள்ளைக்கும் அன்றைக்கு மேசையில் ஒரே பொருள்தான். போன வருடம் ஒரு பையன் தங்கக் கோட்டுத் துண்டுகளை மட்டும் பொறுக்கிச் சேர்த்து, மீன் செதில் போல ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி ஒரு வஞ்சிரம் செய்தான். காசிமேட்டுப் பையன், வால் எந்தக் கோணத்தில் வளையும் என்று அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதைப் பார்த்த பிறகு நான் என் லாரிப் படங்களிலும் கன்டெய்னர் தகட்டின் மடிப்புகளுக்கு இந்தத் துண்டுகளை ஒட்டத் தொடங்கினேன். வகுப்பிலிருந்து என் மேசைக்கு வந்த விஷயம் அது.

எனக்கு என்று நான் வாங்குவது முக்கியமாக பிரவுன் ஷீட். நோட்டுக்கு அட்டை போடுகிறோமே, அதே கிராஃப்ட் பேப்பர்தான். ஆனால் கட்டியான ரகமாகக் கேட்க வேண்டும். ஒரு பக்கம் வழவழப்பு, மறுபக்கம் சொரசொரப்பு. சொரசொரப்புப் பக்கம் கரியை நன்றாகக் கவ்வும். தாளின் நிறமே நடு டோன் என்பதால் இருட்டுக்குக் கரி, வெளிச்சத்துக்கு வெள்ளை, அவ்வளவுதான் வேலை. டிரைவரின் கழுத்துத் துண்டில் விழும் காலை வெயிலை இரண்டு இழுப்பில் கொண்டுவரலாம். எண்ணெய் வண்ணத்தில் இதைச் செய்தால் ஒரு பூச்சு காயவே நாள்கள் ஆகும். டர்பன்டைன் வாசனை வீடு முழுக்க நிற்கும், எடுத்து வைக்கவும் கழுவவும் கிடைக்கிற நேரம் போய்விடும். எனக்குக் கிடைப்பது விடிகாலையில் ஒரு துண்டு நேரம். பிரவுன் ஷீட்டில் இருபது நிமிடத்தில் ஒரு ஆளை முடிக்க முடிகிறது. டீச்சர் வேலையோடு படத்தையும் காப்பாற்ற நினைப்பவர்களுக்கு நான் உறுதியாகச் சொல்வேன்: நேரம் இல்லை என்று ஏங்குவதை விட்டுவிட்டு, இருக்கிற நேரத்துக்கு ஏற்ற பொருளுக்கு மாறுங்கள். அதனால் படம் சின்னதாகிவிடாது.

வாத்தியார் வேலையோடு படமும் செய்வது நம் ஊரில் புதிதும் இல்லை. சென்னை அரசு கவின் கலைக் கல்லூரியே 1850ல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற டாக்டர் பிராட்வேயில், இதே வட்டாரத்தில், தொடங்கிய ஒரு தனியார் பள்ளியிலிருந்து வளர்ந்ததுதான். அங்கே சொல்லிக் கொடுத்தவர்களில் தனபால், சந்தானராஜ் எல்லாம் வாத்தியாராக இருந்துகொண்டேதான் தங்கள் படைப்பைச் செய்தார்கள். ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் 1966ல் சோழமண்டலம் என்ற ஓவியர் கிராமத்தைத் தொடங்கியபோது அவர்தான் கல்லூரி முதல்வர். படம் விற்காத காலத்தில் பாத்திக் (மெழுகு வைத்துச் சாயமேற்றும் துணி) போன்ற கைவினைப் பொருளை விற்று அந்தக் கூட்டம் நின்றது. ஓவியர் ஆதிமூலம் நெசவாளர் சேவை மையத்தில் வேலை பார்த்தார். "டீச்சர் வேலைக்குப் போயிட்டா ஆர்ட்டிஸ்ட் இல்ல" என்று என்னிடம் சொல்கிறவர்களுக்கு இந்தப் பெயர்களைத்தான் சொல்வேன்.

இனி குறைகள். பிரவுன் ஷீட்டில் அமிலம் நீங்கியிருக்காது. வருடங்கள் போகப் போகக் கருத்து நொறுங்கும். பயிற்சிக்கும் வரிசைப் படங்களுக்கான குறிப்புக்கும் சரி, காசு வாங்கிக்கொண்டு ஒருவர் வீட்டுச் சுவரில் மாட்டப் போகிற படத்தை இதில் செய்து கொடுக்காதீர்கள், அது நியாயம் இல்லை. அதற்கு அமிலமில்லாத தாள் வேண்டும். வாட்டர் கலருக்கான 300 ஜி.எஸ்.எம். பருத்தித் தாள் நான் கேட்ட கடைகளில் இல்லை, அதை ஓவியப் பொருள் கடையில்தான் வாங்குகிறேன். அப்புறம், சில கடைகள் ரீமுக்குக் குறைந்து பேசவே மாட்டார்கள். ஐந்நூறு தாளைத் தூக்கிக்கொண்டு நான் எங்கே போக? இரண்டு மூன்று பள்ளி டீச்சர்கள் சேர்ந்து வாங்கிப் பிரித்துக்கொள்வதுதான் இதற்கு வழி. லோயர், ஹையர் கிரேடு டிராயிங் தேர்வுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்கிறவர்களும் ஃப்ரீஹேண்ட் பயிற்சிக்கு இப்படியே சேர்ந்து வாங்கலாம்.

என் மதிப்பெண் பத்துக்கு எட்டு. எடையில் ஏமாற்றும் கடைகளுக்காக ஒன்று, உட்காரவும் தண்ணீர் குடிக்கவும் இடமில்லாததற்கு ஒன்று குறைத்திருக்கிறேன்.

போகிற மாதத்தைப் பார்த்துப் போங்கள். தை, வைகாசி, ஆவணியில் முகூர்த்தக் கூட்டம் அலைமோதும், நம்மை ஏறிட்டுப் பார்க்க ஆள் இருக்காது. பள்ளி திறக்கும் ஜூனில் நோட்டுக்காரர்கள் கூட்டம். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லாததால் கடைக்காரர்கள் ஓய்வாக இருப்பார்கள், பத்து ரகத்தைப் பிரித்துக் காட்டச் சொன்னாலும் முகம் சுளிக்க மாட்டார்கள். ஐப்பசி மழையில் போவதானால் பெரிய பாலிதீன் கவர் இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள், கடையில் கொடுக்கும் நியூஸ் பேப்பர் சுற்று ஸ்டேஷன் வரைகூடத் தாங்காது. பள்ளிக் கணக்கில் காட்ட ஜி.எஸ்.டி. பில் தேவையென்றால் கட்டரில் தாள் ஏறுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். எடைக்கு வாங்கும் மிச்சக் காகிதத்துக்கு எனக்குத் துண்டுச் சீட்டுதான் கிடைத்திருக்கிறது, அதை எங்கள் ஆபீஸில் ஏற்பதில்லை.