சிட்டை இல்லாமல் விற்ற இரண்டு போத்தல்: கண்ணில் உமி பட்டவர்கள் கவனம்

யாழ்ப்பாணத்துத் தென்மராட்சியில் அருவி வெட்டு முடிந்து சூடடிக்கும் நேரம் ஒரு விவசாயியின் வலக்கண்ணில் உமி பட்டது. அடுத்த நாள் கண் சிவந்து பூளை கட்டியது. ரவுணில் ஒரு பாமசிக்குப் போனார். வைத்தியர் எழுதிய சிட்டை கேட்கவில்லை, கண்ணைப் பார்க்கவுமில்லை. கவுண்டரில் நின்ற பொடியன் சிப்ரோபுளொக்சசின் 0.3% என்ற அன்ரிபயோட்டிக் துளிமருந்தைக் கொடுத்து, "நாலு நேரம் விடுங்கோ ஐயா, சிவப்புக் குறைஞ்சா நிப்பாட்டலாம்" என்றான். மூன்றாம் நாள் குறைந்தது, நிறுத்தினார். ஒரு கிழமையில் திரும்பி வந்தது. இரண்டாம் முறை கொடுத்தது குளோரம்பெனிக்கோல் என்ற அன்ரிபயோட்டிக்கும் டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டெரொய்டும் கலந்த போத்தல். ஒரே இரவில் சிவப்பு வடிந்தது, நோவும் குறைந்தது. ஐந்தாம் நாள் கருவிழியின் நடுவில் வெள்ளைப் புள்ளி.

வைத்தியசாலையில் புண்ணைச் சுரண்டி எடுத்து வளர்த்துப் பார்த்தபோது வந்தது சூடோமோனாஸ் பற்றீரியா. சிப்ரோவுக்குக் கேட்காத வகை.

முதல் போத்தலில் மருந்து பிழையில்லை, அளவும் நாளும் பிழை. கருவிழிப் புண்ணுக்குச் சிப்ரோ துளியை முதல் 6 மணித்தியாலம் 15 நிமிடத்துக்கு ஒரு தடவை, அன்று மிச்ச நேரம் அரை மணிக்கு ஒரு தடவை, இரண்டாம் நாள் மணிக்கு ஒரு தடவை, பிறகு 14ஆம் நாள் வரை 4 மணித்தியாலத்துக்கு ஒரு தடவை விட வேண்டும். (இதை வீட்டில் தாங்களாகச் செய்யவேண்டாம்; "நாலு நேரம்" எவ்வளவு குறைவு என்று காட்டவே எழுதுகிறோம்.) டிஎன்ஏ முறுக்கைச் சீர்செய்யும் கைரேஸ் என்ற நொதியத்தைப் பிடித்து நிறுத்தித்தான் சிப்ரோ பற்றீரியாவைக் கொல்கிறது. புண்ணில் உள்ள கோடிக்கணக்கானவற்றில் சிலவற்றுக்கு அந்த நொதியம் சற்று மாறியிருக்கும். மருந்தின் செறிவு உயர்ந்து நின்றால் அவற்றிலும் பல சாகும். தாழ்ந்து நின்றால் மற்றவை செத்து, அவை மட்டும் தப்பிப் பெருகும். மூன்றாம் நாள் குறைந்த சிவப்பும், ஒரு கிழமையில் திரும்பிய நோயும் இந்த வழியால் வரக்கூடியவை.

இரண்டாவது போத்தல்தான் பெரிய அநியாயம். சூடோமோனாஸுக்குக் குளோரம்பெனிக்கோல் பிறவியிலேயே கேட்காது; உள்ளே போன மருந்தைத் தன் சுவரிலுள்ள பம்பிகளால் வெளியே தள்ளிவிடும். ஆகவே அந்தப் போத்தலில் அவரது கண்ணில் வேலை செய்தது ஸ்டெரொய்ட் மட்டுமே. அது சிவப்பையும் வீக்கத்தையும் அடக்கும், கிருமியைத் தொடாது. காவலைக் கட்டிப்போட்டு வீட்டைத் திறந்துவிட்ட மாதிரி. உமி, ஓலை, கருக்குப் பட்ட கண்ணில் பங்கசும் (பூஞ்சணம்) இருக்கலாம். பங்கசுக்கு எந்த அன்ரிபயோட்டிக்கும் உதவாது, ஸ்டெரொய்ட் அதற்கு விருந்து. ஹேர்பிஸ் வைரசுப் புண்ணிலும் இதே கேடு. ஸ்டெரொய்ட் துளியைப் பல கிழமை விட்டால் கண்ணழுத்தம் கூடலாம், வெண்புரை வரலாம்.

துளிமருந்து வாங்கும்போது பெட்டியில் மருந்தின் மூலப் பெயரை வாசியுங்கள். டெக்ஸாமெதசோன், பெற்றாமெதசோன், பிரெட்னிசொலோன், புளூரோமெதொலோன் என்று ஏதாவது இருந்தால் அது ஸ்டெரொய்ட். வைத்தியர் கருவிழியைப் பார்க்காமல் அதைக் கண்ணில் விடக்கூடாது. வைத்தியர் மஞ்சள் நிறச் சாயம் தொட்டு நீல வெளிச்சத்தில் பார்க்க ஓரிரு நிமிடமே ஆகும், புண் பச்சையாக மினுங்கும்.

குளோரம்பெனிக்கோல் துளியை 2 முதல் 8 பாகை செல்சியஸில் வைக்கவேண்டும். பங்குனி வெயிலில் கண்ணாடி அலுமாரியில் அடுக்கி வைத்திருக்கும் கடையில் வாங்கவேண்டாம். திறந்து 28 நாள் கழிந்தால் எறியுங்கள், மிச்சத்தைப் பிள்ளைக்கு விடாதீர்கள். வீடு வீடாகப் பரவும் கண்நோய் பெரும்பாலும் வைரசு. அதற்கு அன்ரிபயோட்டிக் தேவையே இல்லை. கை கழுவுவதும் துவாயைப் பிரித்து வைப்பதும் போதும். ஒரு முறைக்கு ஒரு துளி காணும், இரண்டாவது வழிந்துதான் போகும். வேறு மருந்தும் விடுவதென்றால் 5 நிமிடம் பொறுக்கவேண்டும். தாய்ப்பால், நந்தியாவட்டைச் சாறு வேண்டவே வேண்டாம்.

நோவு, வெளிச்சம் பார்க்க ஏலாமை, பார்வை மங்கல், வெள்ளைப் புள்ளி, கண்ணில் பயிர்த்துகள், கொன்டாக்ற் லென்ஸ் போடும் பழக்கம்: இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக் கண் பிரிவுக்குப் போங்கள். பிறந்து 28 நாளுக்குள் உள்ள குழந்தைக்குப் பூளை வந்தால் ஒரு மணித்தியாலமும் தாமதிக்கக்கூடாது. விட்ட போத்தல்களையும் லென்ஸ் டப்பாவையும் கையோடு கொண்டுபோங்கள். போகும் வழியில் இன்னொரு துளி விடாதீர்கள், சுரண்டி எடுப்பதில் கிருமி வளராமல் போய்விடும்.

கண்ணின் கிருமி கண்ணோடு நிற்கும் என்றும் எண்ணவேண்டாம். 2023இல் அமெரிக்காவில் மாசுபட்ட செயற்கைக் கண்ணீர்த் துளியோடு தொடர்புபட்ட, பல மருந்துகளுக்கும் கேட்காத சூடோமோனாஸ் தொற்று 81 பேரில் கண்டறியப்பட்டது. 4 பேர் இறந்தார்கள், 14 பேர் பார்வை இழந்தார்கள்.

இலங்கையில் அன்ரிபயோட்டிக் சிட்டைக்கு மட்டும் கொடுக்கவேண்டிய மருந்து. மீறும் கடை பற்றிப் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர் பணிமனையின் உணவு மருந்துப் பரிசோதகரிடம் முறையிடலாம். முறைப்பாட்டுக்குப் பில்லும் தொகுதி இலக்கம் தெரியும் பெட்டியும் கையில் இருந்தால் நல்லது. இந்த ஐயாவுக்கு இரண்டு தரமும் பில் கொடுக்கவில்லை, பெட்டியைக் கடையிலேயே கழற்றி எடுத்துவிட்டார்கள்.