வானிலை லாகருக்கு யூஎஸ்பியா, சீரியலா?

எங்கள் ஏற்காட்டு வீட்டில் டேவிஸ் வான்டேஜ் ப்ரோ2 வானிலை நிலையம் இருக்கிறது. நாங்கள் குடியிருப்பது கீழே சேலத்தில். மேலே ஆளில்லாத நாளிலும் மழைக் கணக்கு விடுபடக் கூடாது என்பதால், அளவுகளைப் பதிந்து வைக்கும் லாகரைக் கணினியோடு எந்த வழியில் இணைப்பது என்று நிறைய யோசித்து, பழைய கணினிகளில் இருந்த ஒன்பது முள் சீரியல் இணைப்பையே எடுத்தேன்.

வேகத்தை வைத்து எதையும் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. லாகர் சொருகியிருக்கும் கன்சோல் (வீட்டுக்குள் இருக்கும் காட்சிப் பெட்டி) ஒரு தடவை அனுப்பும் நேரடித் தகவலே 99 பைட்தான். நொடிக்கு 19,200 பிட் என்பது அதற்குத் தாராளம்.

யூஎஸ்பி லாகர் சுலபமானது, அதில் சந்தேகமில்லை. சொருகி, டிரைவர் மென்பொருளைப் போட்டால் முடிந்தது. கன்சோலும் கணினியும் ஒரே மேசையில் இருந்து, ஆளும் கூடவே இருக்கும் வீடென்றால் அதையே வாங்கலாம். கேபிள் 5 மீட்டரைத் தாண்டக் கூடாது, அவ்வளவுதான்.

சிக்கல் இடியில் வருகிறது. சேர்வராயன் மலையில் ஏப்ரல், மே கோடை மழை பெரும்பாலும் இடி மின்னலோடுதான் இறங்கும். பக்கத்தில் மின்னல் வெட்டினாலோ, வீட்டு மோட்டார் ஓடத் தொடங்கினாலோ கேபிளில் இரைச்சல் ஏறும். யூஎஸ்பியில் அது போதும். சாதனத்தைக் கழற்றிவிட்டார்கள் என்றே கணினி எடுத்துக்கொள்ளும். மறுபடி ஒட்டும்போது போர்ட் எண் மாறியிருந்தால் மென்பொருள் பழைய எண்ணையே பார்த்துக்கொண்டு நிற்கும். கேபிளைப் பிடுங்கிச் சொருகினால் சரியாகிவிடும்தான். ஆனால் அதற்கு 20 கொண்டை ஊசி வளைவு ஏறிப் போக வேண்டுமே!

சீரியலில் இந்த ஒட்டுதல், அறுதல் எதுவும் கிடையாது. இரைச்சல் வந்தால் நாலு எழுத்து கெடும். ஒவ்வொரு தகவல் பொட்டலத்தின் கடைசியிலும் சரிபார்ப்பு எண் இருப்பதால் கெட்டதைத் தள்ளிவிட்டு மென்பொருள் மறுபடி கேட்கும். கேபிளையும் 15 மீட்டர் வரை தைரியமாக இழுக்கலாம்.

“இப்போது எந்தக் கணினியில் சீரியல் போர்ட் இருக்கிறது, கடைசியில் சீரியலை யூஎஸ்பியாக்கும் மாற்றிதானே போடுகிறாய்?” என்று கேட்பார்கள். ஆமாம், போடுகிறேன். நான் முடிவெடுத்ததே அந்த இடத்தில்தான். யூஎஸ்பி லாகரில் மாற்றிச் சிப் லாகருக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. அது அடிவாங்கினால் வெளிநாட்டிலிருந்து வரும் லாகரையே புதிதாக வாங்க வேண்டும். சீரியலில் அந்தச் சிப் வெளியே, கணினிப் பக்கம் இருக்கிறது. போனால் சில நூறு ரூபாய் மாற்றி போகும். சேலத்துக் கணினிக் கடையில் இன்னொன்று வாங்கிச் சொருகிவிட்டு வரலாம். நடுவில், தகவலை ஒளியாக மட்டும் கடத்தும் ஒளிவழித் தடுப்பான் ஒன்றையும் போட்டால், ஒரு பக்கத்து மின்தாக்குதல் மறுபக்கம் தாவுவது பெருமளவு குறையும். நேரடியாக இடி விழுந்தால் எந்த இணைப்பும் தாங்காது, அது வேறு.

நெட்வொர்க் கேபிளில் நேராக மோடத்தோடு இணையும் ஈத்தர்நெட் லாகரை நண்பர் வீட்டில் பார்த்த அளவுக்குத்தான் தெரியும். கேபிள் 100 மீட்டர் போகும், கணினியே தேவையில்லை. மோடம் நாள் முழுக்க உயிரோடு இருக்கும் வீட்டுக்கு நல்லது. வைஃபை பெட்டிகளில் விலை மலிவானவற்றை வாங்குவதற்கு முன், உள்ளே நினைவகம் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் கரண்ட் போன நேரத்து மழை கணக்கில் வராது.

டேவிஸ் லாகரில் 2,560 பதிவுகள் நிற்கும்; கன்சோலும் பேட்டரியில் ஓடும். பத்து நிமிடத்துக்கு ஒரு பதிவு என்று வைத்தால் 17 நாளுக்குத் தாங்கும். நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன். கணினியாக இருப்பது ராஸ்பெரி பை என்ற கையடக்கக் கணினி. கரண்ட் வந்ததும் தானே எழுந்து, விட்ட இடத்திலிருந்து லாகரைப் படித்துக்கொள்கிறது. மாற்றிக்கு நிலையான பெயர் ஒன்றைக் கொடுத்துவிட்டால் போர்ட் எண் மாறும் தொல்லையும் இல்லை.